மீண்டும் பறக்க வேண்டிய விண்கலத்தின் தரைப்பணி: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பும் ஒரு விண்கலத்தை மறுபடியும் ஏவ வேண்டுமென்றால், அது தரையிறங்கிய நாளுக்கும் அடுத்துப் புறப்படும் நாளுக்கும் இடையில் செய்யப்படும் வேலைகளே அந்தத் திட்டத்தின் செலவையும் வேகத்தையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. நச்சு வாயுக்களை வெளியேற்றுவது, வெப்பக் கவசத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது, எஞ்சின்களைச் சோதிப்பது, தேய்ந்ததை மாற்றுவது, அடுத்த பயணத்துக்கான சரக்கை ஏற்றுவது ஆகிய அனைத்தையும் சேர்த்துத் தரைப்பணி என்று இங்கே குறிப்பிடுகிறேன். இதை நடத்துவதற்கு இதுவரை நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்ட வழிகள் நான்கைந்து மட்டுமே உள்ளன. புஷ்பக் என்ற சிறகுள்ள சோதனைக் கலத்தை ஓடுபாதையில் இறக்கிக் காட்டியிருக்கும் இஸ்ரோ, அடுத்துச் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலத்தை உருவாக்க முனைந்திருக்கிறது. முதல் கட்டத்தை, அதாவது முதலில் எரிந்து பிரியும் அடிப்பகுதியை, மீண்டும் பயன்படுத்தும் அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் அளித்திருக்கிறது. ஆகவே இந்தத் தேர்வு நமக்கு ஏட்டளவிலான கேள்வியாக இல்லாமல், வடிவமைப்பு மேசையில் இன்றே விடை காண வேண்டிய கேள்வியாக வந்து நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்). 1981 முதல் 2011 வரை 135 முறை ஏவப்பட்ட இந்தத் திட்டத்தைப் போலத் தரைப்பணியின் பாடங்களை விரிவாகக் கற்றுத் தரும் திட்டம் வேறில்லை. தரையிறங்கியபின் 160 மணி நேர வேலையில், அதாவது இரண்டு வாரங்களில், ஓடத்தை மறுபடியும் ஏவிவிடலாம் என்பதுதான் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட இலக்கு. உண்மையில் எட்டப்பட்ட மிகக் குறைந்த இடைவெளி, 1985 அக்டோபர் 7 அன்று தரையிறங்கிய அட்லாண்டிஸ் என்ற ஓடம் நவம்பர் 26 அன்று மீண்டும் புறப்பட்டபோது கிடைத்த 50 நாள். 1986-இல் சேலஞ்சர் ஓடத்தின் விபத்துக்குப் பிறகு சோதனைகள் கடுமையாக்கப்பட்டதால் அந்த 50 நாளைக்கூட எவராலும் மறுபடி நெருங்க முடியவில்லை. 1997-இல் கொலம்பியா ஓடம் 84 நாளில் திரும்பப் புறப்பட்டதே பிற்காலத்தின் மிகச் சிறந்த வேகம், அதுவும் முந்தைய பயணம் பாதியில் நிறுத்தப்பட்டு, அதே சரக்கோடும் அதே குழுவோடும் மறுபடி அனுப்பப்பட்டதால் வாய்த்தது.

இரண்டு வாரம் ஏன் மாதங்களாக நீண்டது என்பதற்கு மூன்று காரணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவற்றில் முதலாவது வெப்பத் தடுப்பு ஓடுகள். ஓடம் ஒன்றின் மேல் ஏறத்தாழ 24,000 சிலிக்கா ஓடுகள் ஒட்டப்பட்டிருந்தன. கொலம்பியாவில் தொடக்கத்தில் 30,000-க்கும் மேல். உடலின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பொருத்த முடியாது; ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வரைபடம், தனிப் பதிவேடு. அவை நீரை உறிஞ்சும் இயல்புடையவை என்பதால் நீரைத் தள்ளும் வேதிப்பொருள் உள்ளே செலுத்தப்பட்டிருக்கும். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது எழும் வெப்பம் அந்தப் பொருளை எரித்துவிடுவதால், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஓடு ஓடாக ஊசித்துளை வழியே அதை மறுபடி செலுத்த வேண்டியிருந்தது. அடிபட்டது எது, ஒட்டு தளர்ந்தது எது, இடைவெளி விரிந்தது எது என்று கண்ணாலும் கையாலும் பார்த்து முடிப்பதற்கே வாரக் கணக்கில் ஆகும். 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் 700-க்கும் மேற்பட்ட ஓடுகள் சேதமடைந்த நிலையில் திரும்பியது. ஏவப்படும்போது ஓடத்தோடு இணைந்திருந்த எரிபொருள் வெளித்தொட்டியின் நுரைக் காப்பு பெயர்ந்து இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியதால் 2003 பிப்ரவரி 1 அன்று ஏழு பேரோடு கொலம்பியா அழிந்தது. வெப்பக் கவசத்தின் மேல் எந்தப் பொருளும் விழ வாய்ப்பிருக்கும் அமைப்பில், தரைப்பணியாளர் எத்தனை கவனமாக இருந்தாலும் அந்தக் கவனம் போதாது என்பதை இதிலிருந்து நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் நச்சு எரிபொருள். ஓடத்தின் திசைமாற்று எஞ்சின்கள் மோனோமெதில் ஹைட்ரசின், நைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகிய இரண்டையும் கொண்டு இயங்கின. ஒன்றோடொன்று பட்டவுடன் தாமாகவே பற்றிக்கொள்ளும் இந்த இணை, விண்வெளியில் எத்தனை முறை வேண்டுமானாலும் தவறாமல் எரியும். ஆண்டுக்கணக்கில் சேமித்தும் வைக்கலாம். தரையிலோ ஒரு சொட்டுக் கசிவும் உயிருக்கு ஆபத்து. அந்தக் குழாய்களில் கை வைக்கும்போதெல்லாம் தனிக் காற்றுக் குழாயோடு கூடிய முழுக் கவச உடை அணிந்த சிலர் மட்டும் உள்ளே இருக்க, மற்ற எல்லோரும் கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறதோ அத்தனை மணி நேரம் ஓடுகளைப் பார்ப்பவரும் மின்கம்பிகளைச் சோதிப்பவரும் சரக்கறையைத் தயாரிப்பவரும் கைகட்டி நிற்க நேரும். ஒரு எரிபொருளைத் தேர்ந்தெடுத்ததன் விலை இப்படி அதோடு தொடர்பே இல்லாத பத்து வேலைகளின் மேலும் ஏறுகிறது என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது காரணம், பாகங்களை அணுகுவதிலும் கழற்றுவதிலும் இருந்தது. ஓடத்தின் மூன்று முதன்மை எஞ்சின்களும் பிற்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கழற்றப்பட்டுத் தனிப் பட்டறையில் பிரித்துப் பார்க்கப்பட்டன. கழற்றுவதும் மாட்டுவதும் வெறும் வேலை நேரம் மட்டுமல்ல. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்த பிறகு அது கசியவில்லை என்று மறுபடி நிறுவ வேண்டும், அந்தச் சோதனைக்காக வேறொரு இணைப்பைத் திறக்க வேண்டும். 1996 ஜூலை 31 அன்று நியூ மெக்சிகோவில் டிசி-எக்ஸ்ஏ என்ற சோதனை ராக்கெட் பத்திரமாகக் கீழிறங்கியும், நான்கு கால்களில் ஒன்று விரியாததால் சாய்ந்து வெடித்தது. அந்தக் காலை விரிக்கும் அழுத்தக் குழாய் தரையில் வேலை முடிந்தபின் மீண்டும் இணைக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய மாதத்தில் அதே கலம் 26 மணி நேர இடைவெளியில் இருமுறை பறந்து காட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், வேகம் எதனால் கிடைக்கிறது, எதனால் பறிபோகிறது என்று இரண்டுமே தெரியும். குறைவாகக் கழற்றும் கலம் விரைவாகத் தயாராவதோடு, மனிதப் பிழைக்கான வாய்ப்பையும் குறைத்துக்கொள்கிறது.

விண்ணோடத்தின் பக்கவாட்டுத் திட எரிபொருள் பூஸ்டர்களும் மீட்கப்பட்டன. பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் விழுந்த அவற்றை இரண்டு கப்பல்கள் இழுத்து வந்தன. உப்புநீரைக் கழுவி, பகுதி பகுதியாகப் பிரித்து, ரயிலில் யூட்டா மாநிலத்துக்கு அனுப்பி, எரிபொருளை மறுபடி வார்த்து, திரும்ப புளோரிடாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழுதை நேரில் பார்க்க முடிந்தது என்ற அளவில் இதில் பெரும் பயன் உண்டு. சேலஞ்சர் விபத்துக்கு முன்பே இணைப்பு வளையங்கள் அரிக்கப்படுவது மீட்கப்பட்ட பூஸ்டர்களில்தான் தெரியவந்தது. சிக்கனம் என்ற அளவில் இந்த வழியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டருக்கு, அதாவது அதன் முதல் கட்டத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் முதன்முறை தரையிறங்கி, 2017 மார்ச்சில் முதன்முறை மறுபடி பறந்த இந்தப் பூஸ்டர் வகையில், ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் 9 நாள் இடைவெளியில் இருமுறை ஏவப்பட்டது. இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கான விடை 2018-இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் இருக்கிறது. அதற்கு முன் திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்ததில், எங்கே கருகுகிறது, எங்கே உருகுகிறது, எந்த உறுப்பை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்று கிடைத்த பட்டியலே புதிய வடிவத்துக்கு அடிப்படையாயிற்று. வெப்பத்தில் அரிக்கப்பட்ட அலுமினியத் துடுப்புகளின் இடத்துக்கு டைட்டானியம் வந்தது. கழற்றாமலே மடக்கக்கூடிய கால்கள் வந்தன. பெரும் பழுதுபார்ப்பு இல்லாமல் 10 முறை பறக்க வேண்டும் என்ற இலக்கு வைத்து எஞ்சின்கள் திருத்தப்பட்டன. வேலைகள் அனைத்தும் கிடைமட்டமாகப் படுக்க வைத்த நிலையில் நடப்பதால், ஓடத்துக்கு வேண்டியிருந்தது போன்ற உயர்ந்த கட்டடமும் அடுக்கடுக்கான மேடைகளும் தேவைப்படவில்லை. சோதனையின் அளவு பறப்பின் அனுபவத்தோடு சேர்ந்து குறைந்துகொண்டே வந்தது என்பதும் முக்கியம்: முதலில் எல்லாவற்றையும் பார்த்தார்கள், பிறகு பார்க்கத் தேவையில்லை என்று நிறுவப்பட்டதை மட்டும் விட்டார்கள்.

ஆனால் இந்த 9 நாளை விண்ணோடத்தின் 50 நாளோடு நேராக ஒப்பிடுவது நியாயமாகாது. பூஸ்டர் பிரியும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோமீட்டர், சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலத்துக்கோ 7.8 கிலோமீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் கழிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு அல்லது அதற்கும் மேல் ஆகிறது. சிலிக்கா ஓடுகளோ கரியாகி உதிரும் கவசமோ பெரும் பரப்பில் இல்லாமலே பூஸ்டர் திரும்ப முடிவது இதனால்தான். மேலும், இதில் மனிதர் வாழும் அறை இல்லை, பயணத்துக்குப் பயணம் மாறும் சரக்கறை இல்லை. ஏவுகலத்தின் முதல் கட்டத்துக்கு ஃபால்கனின் வழி சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுற்றுப்பாதைக் கலத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாள் கணக்கை விட்டுவிட்டு அதன் அணுகுமுறையை மட்டுமே.

சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி மறுபடி பறக்கும் கலங்களில் இன்று அதிகம் உழைப்பது அதே நிறுவனத்தின் டிராகன். 2021 மே 2 அன்று கடலில் இறங்கிய ரெசிலியன்ஸ் கலம், அதே ஆண்டு செப்டம்பர் நடுவில் நான்கு பொதுமக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நாலரை மாத இடைவெளி. கடலில் இறங்குவதால் இங்கே ஓடுபாதையும் வேண்டாம், இறக்கையும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். விண்ணில் சுமக்கும் எடை இவ்வளவு குறைவதற்கு ஈடாக, உப்புநீரின் தீங்கைத் தரையில் சுமக்க வேண்டியிருக்கிறது. மீட்புக் கப்பல், அதில் மருத்துவர்கள், நச்சு ஆவி சோதிப்போர், கரைக்குக் கொண்டுவந்தபின் கழுவுதல், நனைந்த உறுப்புகளை மாற்றுதல், புதிய பாராசூட், கருகிய கவசத்துக்கு மாற்று என்று வேலை நீள்கிறது. எரிபொருளும் விண்ணோடத்தில் இருந்த அதே நச்சு இணைதான். ஒருமுறை பறந்து திரும்பிய டிராகன் ஒன்று 2019 ஏப்ரலில் தரைச் சோதனையின்போது வெடித்துச் சிதறியதற்கு, வால்வு ஒன்றின் வழியே ஹீலியம் குழாய்க்குள் கசிந்திருந்த நைட்ரஜன் டெட்ராக்சைடே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

போயிங்கின் ஸ்டார்லைனர் உப்புநீரைத் தவிர்க்க முனைந்தது. பாராசூட்டும் காற்றுப்பைகளும் கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் இறங்கும் அந்தக் கலத்தை 10 முறை வரை பயன்படுத்தலாம் என்பது திட்டம். 2019 டிசம்பரில் இறங்கிய கலமே 2024 ஜூனில் இரண்டு வீரர்களோடு மறுபடி ஏவப்பட்டது. அந்தப் பயணத்தில் உந்திகள் (சிறு திசைமாற்று எஞ்சின்கள்) சில செயலிழந்ததால் வீரர்கள் இல்லாமலே கலம் திரும்பியதை எல்லோரும் அறிவோம். தரைப்பணியின் கோணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பழுதான உந்திகள் இருந்த சேவைப் பகுதி, வடிவமைப்பின்படியே, திரும்பும் வழியில் கழற்றிவிடப்பட்டு எரிந்து போனது. எதை விரித்து வைத்துப் பார்க்க வேண்டியிருந்ததோ அது கைக்கு வரவில்லை. டிராகனின் உந்திகள் கலத்தோடே திரும்புகின்றன. அதனால் ஒவ்வொரு முறையும் அவற்றைச் சுத்தம் செய்யும் சுமை சேர்கிறது, அதே சமயம் ஒவ்வொரு முறையும் அவற்றின் நிலை நேரடியாகத் தெரிகிறது. வேலையைக் குறைப்பதற்காக ஒரு பாகத்தைத் தூக்கி எறியும் முடிவை எடுக்கும்போது, அதோடு சேர்ந்து எந்த அறிவை இழக்கிறோம் என்றும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி எக்ஸ்-37பி. 2010 முதல் பறந்துவரும், ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள, ஆளில்லாத இந்தச் சிறகுக் கலம் ஓடுபாதையில் தானாகவே இறங்குகிறது; விண்ணோடங்களைத் தயார்செய்த கென்னடி விண்வெளி மையத்தின் அதே கூடங்களில்தான் இன்று அது பராமரிக்கப்படுகிறது. இராணுவத் திட்டம் என்பதால் அதன் பராமரிப்பைப் பற்றிய விவரங்கள் குறைவாகவே வெளிவந்துள்ளன. கண்கூடாகத் தெரியும் ஒரு நன்மையை மட்டும் சொல்கிறேன்: அது ராக்கெட்டின் உச்சியில், மூடிக்குள் வைத்து ஏவப்படுகிறது. மேலிருந்து பெயர்ந்து விழ எதுவும் இல்லை. ஏவுதளத்தில் காத்திருக்கும் நாட்களில் மழையும் படாது. கொலம்பியாவை அழித்த ஆபத்து இந்த ஓர் அமைப்பு முடிவால் நீங்கிவிடுகிறது. இதன் விலை, கலத்தின் அளவு மூடியின் அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதே.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, என் மதிப்பீட்டில், ஆண்டுக்கு எத்தனை முறை பறக்கப் போகிறோம் என்ற ஒற்றைக் கேள்வியை நேர்மையாகக் கேட்பதில் தொடங்க வேண்டும். தரைப்பணியின் செலவில் பெரும்பகுதி நிலையானது. கலம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கூடத்துக்கும் பணியாளருக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். விண்ணோடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டார்கள். மிக அதிகமாகப் பறந்த 1985-இல்கூட ஏவல்கள் 9 மட்டுமே. ஃபால்கன் 9, 2024-இல் மட்டும் 130 முறைக்கு மேல் பறந்தது. அங்கே கூடத்தின் செலவு நூற்றுக்கு மேற்பட்ட பங்குகளாகப் பிரிகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பயணங்களுக்கு மேல் தேவை இருக்காது என்றால், டிராகனைப் போல நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்ளும் எளிய கலங்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு சுழற்சியில் அனுப்புவதே மலிவு. அந்த நிலையில் இரண்டு வார இடைவெளிக்காகப் பெரும் வசதிகளைக் கட்டுவது வீண். மாதம் ஒன்றுக்கு மேல் பறக்க வேண்டிய தேவை உறுதியாகத் தெரிந்தால்தான் ஓடுபாதையும் கழற்றத் தேவையில்லாத எஞ்சின்களும் தம் விலையை மீட்டுத் தரும்.

இந்தியாவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், சள்ளக்கெரே சோதனைத் தளத்தில் 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன் ஆகிய மாதங்களில் மூன்று முறை ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்ட புஷ்பக் கலம் தானாகவே ஓடுபாதையைத் தேடி இறங்கியது. மூன்றாம் சோதனையில், இரண்டாவதில் பறந்த அதே சிறகுடலும் அதே கருவிகளும் மாற்றமின்றி மறுபடி பயன்படுத்தப்பட்டன. மறுபயன்பாட்டில் இது நமக்குக் கிடைத்த முதல் உண்மையான தரைப்பணி அனுபவம். மீள்நுழைவு வெப்பத்தைச் சந்திக்காத அனுபவம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிறகுக் கலம் என்று முடிவு செய்தால், எங்கே இறக்குவது என்பது அடுத்த கேள்வி. சித்ரதுர்காவில் இறங்கினால், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். விண்ணோடத்தின் 133 தரையிறக்கங்களில் 54 கலிபோர்னியாவில் நடந்தன. ஒவ்வொரு முறையும் போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றி புளோரிடா கொண்டுவர ஏறத்தாழ ஒரு வாரமும் பத்து லட்சம் டாலருக்கு மேலும் செலவாயிற்று. 1982-இல் ஒருமுறை நியூ மெக்சிகோவின் ஜிப்சம் மணலில் இறங்கியதால் அந்தத் தூசி கொலம்பியாவின் உள்ளெல்லாம் புகுந்து நெடுநாள் தொல்லை கொடுத்தது. சோதனைக் காலத்துக்குச் சள்ளக்கெரே போதும். தொடர்ந்து இயங்கும் கலத்துக்கு ஏவுதளத்தின் அருகிலேயே ஓடுபாதை வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் தாக்கும் கரை அது என்பதால், மூடிய கூடமும் மூடிக்குள் வைத்து ஏவும் முறையும் மற்ற நாடுகளைவிட நமக்கு இன்னும் அவசியம்.

எஞ்சினைப் பற்றியும் இதே அக்கறை வேண்டும். நம் திரவ எஞ்சின்களின் சோதனை மேடைகள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ளன. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் முதல் கட்டத்தின் எஞ்சின்களைக் கழற்றி, சாலை வழியாக அத்தனை தூரம் தெற்கே அனுப்பி, எரித்துப் பார்த்து, திரும்பக் கொண்டுவரும் நடைமுறை ஒருமுறை பழக்கமாகிவிட்டால் அதை மாற்றுவது கடினம். முதல் சில பயணங்களுக்கு அப்படிச் செய்வது நியாயமே. அதன்பின் கட்டத்தோடு சேர்த்தே, ஏவுதளத்தில் நிற்க வைத்தே சிறிது நேரம் எரித்துப் பார்க்கும் வசதி வேண்டும். அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு மீத்தேன் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது இந்த வகையில் நல்ல முடிவு. மண்ணெண்ணெயைப் போல அது குழாய்களில் கரி படிய விடுவதில்லை.

ஆகவே என் பரிந்துரை இரண்டாகப் பிரிகிறது. ஏவுகலத்தின் முதல் கட்டத்துக்கு ஃபால்கனின் வழியையும், கிடைமட்டக் கூடத்தையும், பறந்தவற்றைப் பிரித்துப் பார்த்து அடுத்த வடிவத்தை மாற்றும் பொறுமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுப்பாதைக் கலத்துக்கு, மூடிக்குள் அடங்கும் சிறிய சிறகுக் கலமே ஏற்றது. ஆனால் அதன் திசைமாற்று உந்திகளுக்கு ஹைட்ரசின் வேண்டாம் என்ற முடிவையும், ஓடுகளின் வடிவங்களை இயன்றவரை ஒன்றுபோல் வைக்கும் முடிவையும் வரைபடம் உறுதியாவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். ககன்யான் கலம் கடலில் இறங்குமாறே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2023 அக்டோபர் சோதனையில் வங்கக் கடலிலிருந்து கடற்படை அதை மீட்டுத் தந்தது. பிற்காலத்தில் அந்த வகைக் கலத்தையும் மறுபடி பறக்கவிட எண்ணம் இருந்தால், கடல்நீர் எட்டக்கூடிய மின்கருவிகளும் வால்வுகளும் எவை, அவற்றைக் கழற்ற எந்தப் பலகையைத் திறக்க வேண்டும், அந்தப் பலகைக்கு ஒரு பணியாளரின் கை எட்டுமா என்ற பட்டியலை, கரைக்கு வரும் ஒவ்வொரு சோதனைக் கலத்திலிருந்தும் இப்போதே தயாரிக்கத் தொடங்கலாம்.